தோடம்பழம் எண்டா என்ன? சொற்பொருள் போகும் மறதியில் வீட்டார் விடும் பிழைகள்

வெள்ளவத்தைச் சந்தைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம், "வரேக்க ஒரு ஆறு தோடம்பழமும் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தோடம்பழம் எண்டா என்ன?"

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவருக்கு அப்போது 62 வயது. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் பார்த்தவர். அன்று காலையில்தான் கரண்ட் பில்லைக் கையில் வாங்கியதும் போன மாதத்தைவிட எத்தனை ரூபா கூட என்று மனக்கணக்காகச் சொன்னார். காலி வீதியைத் தனியாகக் கடந்து, சந்தையில் பேரம் பேசி, மிச்சக் காசை ஒரு சதம் பிசகாமல் கொண்டுவருகிறவர். இப்படிப்பட்ட மனிசனுக்குத் தோடம்பழம் தெரியாமல் போகுமா?

போகும். பெயர் மட்டுமில்லை, பழமே தெரியாமல் போகும். இதை விளங்கிக்கொள்ள எங்கள் வீட்டுக்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடமும் அன்போடும் அவசரத்தோடும் நாங்கள் செய்த பலதும் பிழை. கொழும்பில் இன்னொரு தமிழ் வீட்டில் யாரோ ஒருவர் இப்போது "உள்ளி எண்டா என்ன?" என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த வீட்டுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பிழை எங்கள் வாயில் தயாராக இருந்த ஒரு சொல். "வயசு போனா அறளை பெயரும்தானே" என்றார் பெரியம்மா. அறளை பெயர்தல் என்ற ஒன்றுக்குள் நாம் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோம்: வழி தெரியாமல் அலைவது, சாப்பிட்டதை மறப்பது, பேரனை மகன் என்று கூப்பிடுவது, காரணமில்லாமல் கோபப்படுவது. மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. 62 வயது அறளை பெயரும் வயதுமில்லை. நான் இங்கே பேசும் செமான்டிக் டிமென்ஷியா, அதாவது சொற்பொருள் அழியும் மறதி நோய், பெரும்பாலும் 65 வயதுக்கு முன்னரே தலைகாட்டும். அரிதான நோய்தான். அரிது என்பதாலேயே தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது.

வாயில் வராத சொல், மனதில் இல்லாத சொல்

எல்லாருக்கும் சொல் சிக்கும். "அதுதான் மோனை, மஞ்சளா, உருண்டையா, பிழிஞ்சு குடிக்கிறது… பேர் வருதில்லை" என்று அம்மம்மா தவிப்பார். "தோ…" என்று நீங்கள் எடுத்துக்கொடுத்தால் போதும், "ஓ, தோடம்பழம்!" என்று முடித்துவிடுவார். அவருக்குப் பழம் தெரியும், நிறம் தெரியும், புளிப்புத் தெரியும். கதவு மட்டும் கொஞ்சம் இறுகிவிட்டது.

அப்பாவுக்கு முதல் எழுத்தைச் சொன்னோம். முழுச் சொல்லையும் சொன்னோம். பழத்தையே கையில் கொடுத்தோம். உருட்டிப் பார்த்துவிட்டு, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் மரியாதையோடு "அப்பிடியே? சரி" என்றார். இங்கே கதவு இறுகவில்லை, அறையே வெறுமையாகிவிட்டது. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதுதான் மற்ற எல்லாப் பிழைகளுக்கும் தாய்.

நினைவு ஒரே சாமானில்லை என்று 1972 இல் பிரித்துக் காட்டியவர் எண்டல் டல்விங் என்ற உளவியலாளர். நேற்று மத்தியானம் யார் வீட்டில் சாப்பிட்டோம் என்பது நிகழ்வு நினைவு. சோறு என்றால் என்ன, அதை என்ன செய்வது என்பது பொருள் நினைவு. எப்போது, யாரிடம் கற்றோம் என்ற தடமே இல்லாத அறிவு. மூன்றே ஆண்டுகளில், 1975 இல், இந்த இரண்டாவது மட்டும் தனியாகக் குலைந்துபோன மூன்று நோயாளிகளை எலிசபெத் வாரிங்டன் என்ற நரம்பு உளவியலாளர் லண்டனில் விவரித்தார். 1989 இல் ஜூலி ஸ்நோடனும் கூட்டாளிகளும் "செமான்டிக் டிமென்ஷியா" என்று பெயர் வைத்தார்கள். ஆனால் 1892 இலேயே பிராக் நகரில் ஆர்னோல்ட் பிக் என்ற மருத்துவர், பேச்சும் விளக்கமும் குலைந்த ஒரு முதியவரின் மூளையில் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் பொட்டு மடல் என்ற பகுதி சுருங்கியிருந்ததை எழுதி வைத்திருந்தார். அந்தப் பொட்டு மடலின் முன் முனைதான், அதிலும் பெரும்பாலும் இடப்பக்கம்தான், இந்த நோயில் முதலில் தேய்கிறது.

"நேற்று நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கே!"

டிமென்ஷியா என்றால் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, சாவியை வைத்த இடம் மறப்பது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அது அல்சைமரின் வழமையான தொடக்கம். அங்கே முதலில் அடிவாங்குவது புதிய நிகழ்வுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி. அப்பாவோ, போன வியாழன் யார் வந்தார்கள், என்ன நிற உடுப்பு, எத்தனை மணிக்குப் போனார்கள் என்று சொல்லுவார். பழைய கதைகள்தான் வரவர மங்கின. பழசு பசுமையாக இருக்கும், புதிசு நிற்காது என்பது அல்சைமரைப் பற்றி நாம் கேள்விப்பட்டது. இந்த நோயில் அது பெரும்பாலும் தலைகீழ். "ஞாபகம் நல்லாத்தானே இருக்கு, ஒண்டும் இல்லை" என்று நாங்களும் ஆறு மாதம் இருந்துவிட்டோம்.

இதற்காக அல்சைமரில் சொற்பொருள் தப்பிவிடும் என்று எண்ணிவிடவேண்டாம். 1901 இல் பிராங்க்ஃபர்ட்டில், அந்த நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் பார்த்த அகுஸ்த டேட்டர் என்ற பெண்ணின் மருத்துவக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. மத்தியானம் அவர் பூக்கோவாவும் பன்றியிறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில், கீரை. பக்கத்து வீட்டுச் சொல். நோய் முற்ற முற்ற இத்தகைய வழுக்கல்கள் அல்சைமரிலும் கூடும். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியும் என்று டொக்டர்கள் கேட்பதும் இதனால்தான். செமான்டிக் டிமென்ஷியாவில் இது தொடக்கத்திலேயே, ஏனைய பல திறன்கள் நேராக நிற்கும்போதே நடக்கிறது. வசனம் பிசகாது, இலக்கணம் பிசகாது, கணக்கு பெரும்பாலும் நீண்ட காலம் நிற்கும், வழி தெரியும். நல்ல வசனத்துக்குள் பெயர்ச்சொற்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்று, அந்த இடங்களில் "அது", "இது", "சாமான்" வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பா பேசுவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டால் ஒரு குறையும் தெரியாது.

கழன்று விழுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. சிறப்புப் பெயர் முதலில் போகும், பொதுப் பெயர் கடைசியில். அப்பா மீன் வாங்குவதில் சூரன். பாரை, அறக்குளா, விளைமீன் எல்லாம் செவுளைத் தூக்கிப் பார்த்துத் தெரிவார். முதலில் விளைமீன் போனது, பிறகு பாரை. ஒரு வருடம் எல்லாமே "மீன்". இப்போது "அந்த ஈரச் சாமான்". அறிவும் அப்படியேதான் தேய்கிறது: எல்லாவற்றுக்கும் பொதுவானது நிற்கும், ஒன்றுக்கே உரியது போய்விடும். ஒரு படத்தைக் காட்டி, மறைத்து, சற்றுப் பொறுத்து வரையச் சொன்ன ஆய்வுகளில் இத்தகைய நோயாளிகள் ஒட்டகத்துக்குத் திமில் போடாமல் விட்டார்கள். வாத்துக்கு நாலு கால் போட்டார்கள். மிருகம் என்றால் நாலு கால், அவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது. வீட்டில் நாங்கள் இதைச் சோம்பல் என்று நினைத்தோம். "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அப்பா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! யோசிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

தமிழ் எழுத்து செய்யும் ஏமாற்று

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், எங்களை மிக நீண்ட காலம் ஏமாற்றியது இதுதான். அப்பா ஒவ்வொரு நாளும் காலையில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். தலையங்கம், மரண அறிவித்தல், பங்குச் சந்தை எல்லாம் தங்குதடையில்லாமல், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி. அதைக் கேட்டுக்கொண்டே தேத்தண்ணி ஊற்றும் அம்மாவுக்கு, "பேப்பர் வாசிக்கிற மனிசனுக்கு என்ன வருத்தம்?" என்ற எண்ணம் வராமல் வேறென்ன வரும்?

ஆங்கிலத்தில் எழுத்து ஒரு வழி, ஒலி ஒரு வழி. "மின்ட்", "ஹின்ட்" போலவே எழுதப்படும் ஒரு சொல்லைப் "பைன்ட்" என்று வாசிக்கவேண்டும். அந்தச் சொல்லைத் தெரிந்தவருக்குத்தான் அது முடியும். பொருள் போனவர் அதைப் "பின்ட்" என்று எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது ஒரு முக்கிய அடையாளம், டொக்டர்மார் பட்டியல் வைத்தே சோதிப்பார்கள். யப்பானில் 1943 இலேயே இமுரா என்ற மருத்துவர் சொற்பொருள் இழந்த நோயாளிகள், பொருளைக் குறிக்கும் கான்ஜி எழுத்துகளைப் பிழையாக வாசிப்பதைக் கவனித்து, அதற்கு யப்பானிய மொழியில் "சொற்பொருள் பேச்சிழப்பு" என்ற பெயரைக் கொடுத்தார். ஒலியை மட்டும் எழுதும் கானா எழுத்தில் அந்தத் தடுமாற்றம் இல்லை.

நம்முடைய தமிழ் கானா பக்கம் நிற்கும் மொழி. பஸ்ஸுக்கு ஒரு ப, பாணுக்கு ஒரு ப என்ற அளவுக்குத்தான் அது வாசிப்பவரை ஏமாற்றும். எழுத்துத் தெரிந்தால் வாசிக்கலாம். விளங்கியிருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் வாசிப்பு அடிக்கும் எச்சரிக்கை மணி தமிழில் அடிப்பதேயில்லை. தமிழர் வீட்டில் சத்தமாக வாசிப்பதை அறிவின் சான்றாக எடுப்பது பெரிய பிழை. தேவாரமும் அப்படியே. அப்பா இன்றும் வெள்ளிக்கிழமைகளில் பதிகம் முழுதாகப் பாடுகிறார். அது வாய்க்குள் பதிந்த வரிசை, பொருளைக் கேட்டு வருவதில்லை.

இது தெரியாமல் நான் செய்த வேலையைச் சொல்லவேண்டும். கடையில் மஞ்சள் நிற ஒட்டுத்தாள் வாங்கிவந்து, சீனிப் போத்தலில் "சீனி", அலுமாரியில் "உடுப்பு", குளியலறையில் "சவர்க்காரம்" என்று வீடு முழுக்க ஒட்டினேன். பல மறதி நோயாளிகளுக்கு இது உதவும் என்பது உண்மை. அப்பா போத்தலை எடுத்தார், "சீனி" என்று தெளிவாக வாசித்தார், வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "சீனி எண்டா?" என்றார். ஒரு கிழமையில் எல்லாத் தாளையும் உரித்து எடுத்தேன். இந்த நோயில் பெயர்ச்சீட்டால் பயன் குறைவு. கண்ணாடிப் போத்தலில் உள்ளே இருப்பது தெரியும்படி, எப்போதும் அதே இடத்தில், தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தோம். கை தானாகப் போனது.

பரீட்சை வைப்பது

விருந்தினர் வந்தால் ஒருவராவது கட்டாயம் செய்வார். வாழைப்பழத்தைத் தூக்கிப் பிடித்து, குழந்தையிடம் கேட்பது போல, "அங்கிள், இது என்ன சொல்லுங்கோ பாப்பம்?" அப்பாவின் முகம் இறுகும். தனக்கு ஏதோ போய்க்கொண்டிருக்கிறது என்று தொடக்க காலத்தில் அவருக்குத் தெரியும். அந்தத் தெரிதலை நாலு பேர் முன்னால் வெளியே இழுத்துக் காட்டுவது என்ன வகை அன்பு?

என் தம்பி வேறு வழி பிடித்தான். நாங்கள் படிப்பித்துப் படிப்பித்தே வளர்ந்த சாதி. எதற்கும் மருந்து ரியூஷன்தான். பிள்ளைகளின் படப் புத்தகத்தை வைத்துத் தினமும் பின்னேரம் ஒரு மணித்தியாலம் சொல் பாடமாக்கினான். ஆச்சரியம், அப்பா பல சொற்களைப் பாடமாக்கினார். புத்தகத்தின் மூன்றாம் பக்கத்துச் சிவப்புக் கேத்திலைக் காட்டினால் "கேத்தில்". குசினியில் ஆவி பறக்கும் எங்கள் வெள்ளிக் கேத்திலைக் காட்டினால் ஒன்றுமில்லை. சோதனை முடிந்த மாணவர் மாதிரித் தம்பி ஓய்ந்ததும் இரண்டு மாதத்தில் எல்லாம் போய்விட்டது.

ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. செமான்டிக் டிமென்ஷியாவில் பயிற்சியால் சொற்களை மீளக் கற்க முடியும். ஆனால் கற்றது பயிற்சி செய்த சொல்லோடும் படத்தோடும் பெரும்பாலும் ஒட்டிக்கொள்கிறது, பக்கத்துச் சொல்லுக்குப் பரவுவதில்லை, நிறுத்தினால் தேய்கிறது. ஆகவே படப் புத்தகத்தில் ஒட்டகச்சிவிங்கியும் கப்பலும் படிப்பிப்பதில் பொருளில்லை. அவர் அன்றாடம் கேட்டு வாங்கவேண்டிய, சொல்லி உதவி பெறவேண்டிய கொஞ்சச் சொற்களைத் தெரிவுசெய்து, உங்கள் வீட்டுச் சாமானையே படமெடுத்து, அது பாவிக்கப்படும் நேரத்திலேயே, சலிக்காத அளவுக்குப் படிப்பியுங்கள். எங்கள் பட்டியலில் கண்ணாடி, மருந்து, கக்கூஸ், நோகுது, போதும் என்று தொடங்கினோம். "நோகுது" போய்விட்டால் பல்லுவலியை எப்படிச் சொல்வார்?

மூன்று மொழி இருந்தும்

கொழும்புக்கே உரிய பிழை ஒன்று. அப்பா வீட்டில் தமிழ், ஒபிஸில் ஆங்கிலம், சந்தையில் சிங்களம் என்று வாழ்ந்தவர். "உள்ளி" விளங்கவில்லை என்றால் "கார்லிக்" என்றோம். அதுவும் இல்லையென்றால் "சுதுலூணு". மரக்கறிக் கடைக்காரரும் பாவம், சிங்களத்தில் உரக்கச் சொல்லிப் பார்த்தார். செவிடருக்குச் சொல்வது போல.

சொல் மட்டும் சிக்கியவருக்கு இது உதவும்; ஒரு மொழியில் அடைத்தது இன்னொன்றில் திறக்கும். பொருளே தேயும்போது மூன்று மொழியும் ஒரே வற்றிய கிணற்றில்தான் வாளி போடுகின்றன. அதிகம் பாவிக்காத மொழி முந்திச் சுருங்கலாம், ஆனால் தமிழில் போனது ஆங்கிலத்தில் பத்திரமாக இருக்கும் என்று நம்ப இடமில்லை. மூன்று சொல்லைச் சேர்த்து வீசினால் ஒரு புதிருக்குப் பதில் மூன்று புதிர். நாங்கள் இப்போது ஒரு சாமானுக்கு ஒரே சொல்தான் வைத்திருக்கிறோம், அதுவும் அவர் கடைசியாகச் சொன்ன சொல். தேசிக்காய்க்கு அவர் "பச்சைப் புளி" என்றார். வீடு முழுக்க இப்போது அது பச்சைப் புளிதான், என் பிள்ளைகள் உட்பட.

டொக்டரிடம் போகும்போது இந்த மொழிப் பிரச்சினை வேறொரு வடிவம் எடுக்கிறது. கிளினிக்கில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்பார்கள், நான் அப்பாவுக்கு மொழிபெயர்ப்பேன், அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வேன். ஒரு முறை "குடை எதற்கு?" என்று கேட்டார்கள். அப்பா, "அது… வெளியில போகேக்க கொண்டு போறது" என்றார். நான் சொன்னது: மழை, வெயிலுக்குப் பிடிக்கிறது என்கிறார். பொய் சொல்லவேண்டும் என்ற எண்ணமில்லை. பிள்ளையின் வாய் அப்பாவைக் காப்பாற்றப் பார்த்தது. அந்த ஒரு வசனத்தில் நோயையே துடைத்துவிட்டேன். மொழிபெயர்க்க உட்காருபவர் தடுமாற்றத்தையும் அப்படியே, உடைந்த வசனத்தை உடைந்தபடியே கொடுக்கவேண்டும். முடிந்தால் அதைக் குடும்பத்தில் இல்லாத ஒருவரிடம் விடுவது மேல்.

மறுபக்கப் பிழையும் உண்டு. வெளிநாட்டுப் படச் சோதனைகளில் வரும் சில சாமான்களை நம்மவர் வாழ்நாளில் கண்டதில்லை. பொஸ்டன் பெயர்ச் சோதனையில் பனிக்கட்டி வீடும் பிரெட்சலும் பீவர் என்ற மிருகமும் வரும். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவருக்குப் பீவர் தெரியாவிட்டால் அது நோயில்லை. 1992 இல் வந்த இன்னொரு சோதனையில் பிரமிட்டுக்குப் பொருத்தம் பனை இன மரமா, ஊசியிலை மரமா என்று கேட்பார்கள். யோசனை அருமையானது, பேசாமலே பொருளைச் சோதிக்கிறது. நம் வீட்டில் அதே யோசனையைத் தேங்காயும் துருவலையும், இடியப்பத் தட்டும் உரலும் வைத்துக் கேட்கவேண்டும். "அவருக்கு இது முந்தித் தெரியும்" என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் நீங்கள்தான், டொக்டரில்லை. அதனால் "மறதி" என்ற ஒற்றைச் சொல்லோடு போகாதீர்கள். அப்படிப் போனால் மூன்று சொல்லை ஞாபகம் வைக்கச் சொல்லி, திகதி கேட்டு, கழித்தல் கணக்குக் கொடுப்பார்கள்; அப்பா மாதிரி ஆள் அதில் நன்றாகவே செய்யக்கூடும். எந்தச் சொல்லின் பொருளைக் கேட்டார், எந்தத் திகதியில், எந்தச் சாமானைப் பிழையாகப் பாவித்தார் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். எங்கள் கொப்பியின் 11 பக்கம்தான் கடைசியில் எம்ஆர்ஐ வரை கொண்டுபோனது. அதிலும் பொட்டு மடலின் முன் பக்கத்தைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முதலில் பார்த்த இடத்தில் "வயசுக்குரிய சுருக்கம்" என்று எழுதித் தந்தார்கள்.

தைரொய்ட், விட்டமின் பி12, மன அழுத்தம், காது கேளாமை ஆகியவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். பார்க்கவேண்டும், திருத்தக்கூடியவை அவை. செமான்டிக் டிமென்ஷியாவைத் திருப்பிவிடும் மருந்து இன்று இல்லை. அல்சைமருக்குக் கொடுக்கும் டொனெபெசில் போன்றவை இந்த வகைக்குப் பயன்தரும் என்று நிறுவப்படவுமில்லை. இங்கே பெரும்பாலும் குவிவது அல்சைமரின் அமிலாய்ட் இல்லை, டிடிபி-43 என்ற வேறொரு புரதம். பக்கத்து வீட்டு ஆன்ரிக்கு எழுதிக் கொடுத்த குளிசையை வாங்கிக் கொடுப்பதும் ஒரு பிழைதான், அதைச் சொல்லவேண்டியிருப்பதே எனக்கு வெட்கம்.

"எங்களுக்கும் வருமோ?" என்று தம்பி ஒருநாள் கேட்டான். பரம்பரையாக வருவது இந்த வகையில் மிகக் குறைவு. கலியாணப் பேச்சு குழம்பும் என்று நோயை மூடி வைக்கும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

புதுக் கேத்தில், பழைய போத்தல்

அப்பாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பழைய கேத்திலை எறிந்துவிட்டு, தானாக அணையும் கேத்தில் வாங்கினேன். அன்றிலிருந்து அவர் தேத்தண்ணி போடவில்லை. இந்த நோயாளிகள் தங்கள் சொந்தச் சாமானைப் பாவிப்பார்கள், அதே வேலையைச் செய்யும் வேறொன்றைக் கொடுத்தால் திகைப்பார்கள் என்பது ஆய்வில் கண்ட விடயம். அவருக்குக் "கேத்தில்" என்ற பொதுக் கருத்து இல்லை, "இந்தப் பிடி, இந்த நெளிவு, இந்த இடம்" மட்டும் உண்டு. குசினியை அழகுபடுத்துவது, வீடு மாறுவது, கதிரையைத் திருப்பிப் போடுவது எல்லாம் அவர் கையில் மிஞ்சிய அறிவைப் பிடுங்குவதற்குச் சமம். எறிந்த கேத்தில் திரும்பக் கிடைக்கவில்லை. அதே மாதிரி ஒன்றைத் தேடிப் புறக்கோட்டைக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தேன்.

ஆபத்து இன்னொரு பக்கம். நம் வீடுகளில் மண்ணெண்ணெயும் நிலம் துடைக்கும் மருந்தும் பழைய சோடாப் போத்தலில்தான் இருக்கும். நாம் மணத்தையும் இடத்தையும் வைத்துத் தெரிந்துகொள்கிறோம். பொருள் அறிவு தேய்ந்தவருக்குப் போத்தல் என்றால் குடிப்பது, அவ்வளவே. சாப்பாடில்லாததை வாயில் வைப்பது இந்த நோயில் நடக்கும். இனிப்பில் திடீர் ஆசையும் வரும். தடுத்துத் தடுத்துச் சண்டை பிடிப்பதைவிடப் பூட்டு மலிவு. ஏதாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

குணம் மாறுவதையும் குற்றமாக எடுத்தோம். மாமியின் அந்தியேட்டியில் எல்லாரும் அழுதுகொண்டிருக்க, அப்பா வடை எப்போது வரும் என்று கேட்டார். சொந்தக்காரர் முகம் சுளித்தார்கள், அம்மா கூனிக் குறுகினார். அந்தியேட்டி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. எதிரில் இருப்பவரின் முகத்தில் இருப்பது துக்கம் என்பதும் வரவரத் தெரிவதில்லை. தேய்வு வலப்பக்கத்தில் தொடங்கியவர்களுக்குச் சொல்லுக்கு முன்னரே தெரிந்த முகங்களும் ஆட்களும் போவதுண்டு. நேரம் தவறினால் கோபம், ஒரே பாதை, ஒரே சட்டை என்ற பிடிவாதமும் நோயின் பங்குதான்.

உதவி எங்கே கேட்பது என்று தெரியாமல் நாங்கள் ஒரு வருடத்தைக் கடத்தினோம். கொழும்பில் லங்கா அல்சைமர் ஃபவுண்டேஷன் இருக்கிறது, அல்சைமர் அல்லாத டிமென்ஷியா வகைகளுக்கும் அங்கே வழி கேட்கலாம். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எண்ணில் பேசலாம். பேச்சுச் சிகிச்சையாளர்களை றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் உருவாக்குகிறது. தமிழில் வேலை செய்யக்கூடியவரைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு. கிடைத்தால் விடாதீர்கள். சொல் படிப்பிப்பதைவிட, வீட்டார் எப்படிப் பேசவேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்ததுதான் அவரால் கிடைத்த பெரிய நன்மை.

இப்போது சந்தைக்கு அனுப்பும்போது பெயர் சொல்வதில்லை. குளிர்ப்பெட்டியில் ஒரு தோடம்பழம் எப்போதும் மிச்சம் வைத்திருப்போம். அதைப் பையில் போட்டு, "இதே மாதிரி ஆறு, அப்பா" என்று சொல்லி அனுப்புவேன். பார்த்துப் பொருத்துவதற்குப் பெயர் தேவையில்லை; அந்தத் திறன் அவரிடம் இன்னும் இருக்கிறது. கடைக்காரருக்கும் விடயம் தெரியும்.

போன சனிக்கிழமை வந்து பையை மேசையில் கவிழ்த்தார். ஏழு பழமும் ஒரே அளவு, ஒரே நிறம், தேடிப் பார்த்தாலும் ஒரு புள்ளி இல்லை. ஒன்று 120 ரூபா என்றார். ஆயிரம் ரூபாத் தாளுக்கு மிச்சம் 280, எண்ணி வைத்தார். பிறகு ஒரு பழத்தைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டு, "இதை என்ன செய்யிறது, பிள்ளை?" என்று கேட்டார்.

உரித்துக் கொடுத்தேன்.